காலெட் கவ்விய பொழுது

அந்த வருஷம் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூஜையில் வைத்த இயந்திரங்களை நல்ல நாளில் ஓட்டியாக வேண்டும் என்று சொல்லி, விடுமுறையென்றும் பாராமல் முதலாளிமார்கள் வேலை வைத்தார்கள். அன்றைக்கு, ஐந்து மணிச் சங்கு ஊதக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, கோயம்புத்தூரில் வார்ப்படக்காரர் வீதி என்கிற நீண்ட முட்டுச்சந்தில், திருவேங்கடம் பட்டறையின் வாசலோர லேத்தில் ஒரு காலெட் சக் இறுகிக்கொண்டது. அதோடு அந்த வீதியின் பொழுதும் இறுகிக்கொண்டது.

காலெட் என்பது பெரிய சாமானில்லை. நீளவாட்டில் கீறல் விட்ட ஓர் உருக்குக் குழல். கம்பியை அதற்குள் விட்டுக் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால், குழல் கூம்புக்குள் இழுபட்டுக் கை மடக்குவதுபோல் மடங்கிக் கம்பியைக் கவ்வும். மறுபக்கம் தள்ளினால் விட்டுவிடும். குழலும் கூம்பும் கைப்பிடியும் சேர்ந்த மொத்தம்தான் சக். கவ்வவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும், அதுதான் அதன் வேலை. முதலாளிகளுக்கு இதில் பாதிதான் தெரியும் என்று ஃபிட்டர் மாசிலாமணி சொல்லுவார்.

இறுகியதற்குக் காரணமும் அவருக்குத் தெரியும். ஆயுத பூஜையன்று லேத்துக்கெல்லாம் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பார்கள். வெளித்தகட்டில் வைத்தால் தொலைகிறது என்று விடலாம். பக்தி முற்றிப்போய் யாரோ காலெட்டின் முகத்திலேயே கெட்டியாக அப்பிவிட்டார்கள். சந்தனம் கீறல் வழியாக இறங்கி, கூம்பில் ஏற்கனவே படிந்திருந்த வார்ப்பிரும்புத் தூசியோடும் கிரீஸோடும் குழைந்து, மறுநாள் லேத் ஓடிய சூட்டில் வெந்து கல்லாகிவிட்டது. சக்கில் சந்தனம் பூசாதீர்கள் என்று மாசிலாமணி வருஷா வருஷம் துண்டறிக்கை போட்டுக் கொடுத்தவர். அந்தத் துண்டறிக்கையில்தான் பொரியை மடித்துத் தின்றார்கள்.

சடையப்பன் என்கிற டர்னர்தான் கவ்விய கம்பியை விடுவிக்கக் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், அதுவும் அசையவில்லை. வெளியே சந்தில் மின்கம்பத்தின் நிழல் டீக்கடைப் பலகையைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது, அப்படியே கிடந்தது. வெயில் மஞ்சளாக, சாய்வாக, ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு ஏறாமலும் இறங்காமலும் நின்றது. சந்தின் வாயைத் தாண்டி மெயின் ரோட்டில் இருட்டி, விளக்கெரிந்து, விடிந்து, மறுபடி இருட்டியது. சந்துக்குள் சங்கு ஊதவில்லை.

முதலில் எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கழுத்து வலித்ததும் உள்ளே போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டார்கள், இந்தச் சனங்கள் எதற்குத்தான் பழகவில்லை. வெயில் போகாததைப் பார்த்துப் பெண்கள் வற்றலும் வடகமும் காயவைத்தார்கள். அக்கம்பக்கத்து வீதிக்காரர்களும் மழைக்காலத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடியில் இடம் கேட்டார்கள். கோழிகள் கூடையில் அடைய மறுத்துத் திரிந்தன. சாயங்காலம் மலர வேண்டிய முல்லை மொட்டாகவே நின்றதால் பூக்காரிக்கு வாடுகிற கவலை விட்டது. ஆனால் வாசமில்லாத பூவை யார் வாங்குவது. ராக்காவலாளி சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்கார்ந்து தன் முறை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்தால்தான் குடிப்பேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்த ஒருவன் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாமலும் மீற முடியாமலும் சந்தின் வாய்க்கும் வீட்டுக்குமாக நடந்து தேய்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் ராகு காலம். ஆகவே வீதியில் முடியாத ராகு காலம் நடப்பதாக ஜோசியர் அறிவித்தார். பெண் பார்க்க யாரும் உள்ளே வரவில்லை. கல்யாணம் காதுகுத்தெல்லாம் சந்துக்கு வெளியே ஒரு சைக்கிள் கடை வாசலில் நடந்தன.

பட்டறைக்காரர்கள்தான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். சங்கு ஊதவில்லையென்றால் ஷிப்ட் முடியவில்லை, ஷிப்ட் முடியவில்லையென்றால் அது இன்னமும் அதே ஒரு நாள் வேலைதான், ஒரே நாள் கூலிதான். ஊரிலுள்ள பம்பு கம்பெனிகளெல்லாம் வார்ப்புகளை வண்டி வண்டியாக இந்த வீதிக்கு அனுப்பின. சங்குக்கு முன்னால் சந்தின் வாயைத் தாண்டியவனுக்கு மறுநாள் வேலை கிடையாது என்பது வீதிச் சட்டம். மறுநாள் என்பதே வராதபோது அந்தச் சட்டத்தை என்றைக்கு எதிர்ப்பது? வேலைநிறுத்தம் செய்யலாமென்றால், முன்னறிவிப்புக் கொடுத்து இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். நாள் கழிந்தால் அல்லவா காத்திருந்ததாகும்? தொழிலாளர் அதிகாரி ஒருவர் வந்து ஒரு காலைச் சந்துக்குள்ளும் ஒரு காலை ரோட்டிலும் வைத்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரோட்டில் ஓடியது, சந்தில் நின்றது. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கியதாக இங்கே காட்ட வழியில்லையே என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு உள்ளே வைத்த காலையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆட்கள் லேத்தின் காலடியிலேயே முறைவைத்துத் தூங்கினார்கள். தாடி வளரவில்லை, நகம் வளரவில்லை. பசித்தது, காலும் வீங்கியது. வீட்டிலிருந்து சோற்றுத் தூக்குப்போசி வரும், போகும். சடையப்பன் பெண்டாட்டி பொள்ளாச்சியில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றாள். பிறந்து, தொட்டிலில் போட்டு, பேரும் வைத்தாயிற்று என்று சேதி வந்தது. என்ன பேர் என்று சேதி கொண்டுவந்தவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மேஸ்திரி அந்தச் சக்கைச் சுத்தியலால் அடித்து அடித்து நட்டின் விளிம்பை நசுக்கிவைத்திருந்தார். ஆட்கள் கூடிப்போய் முதலாளியிடம் கேட்டார்கள்.

திருவேங்கடம் சிரித்தார். "நானா வேண்டாங்கறேன்? கழட்ட முடிஞ்சாக் கழட்டிக்கோங்கப்பா. உங்க தலைவருதான் இருக்காரே. கவர்மென்டையே கழட்டறேன்னவரு."

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள்.

மாசிலாமணி பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர். படித்ததெல்லாம் துண்டறிக்கையில், எழுதியதெல்லாம் துண்டறிக்கைக்கு. எட்டு மணி நேர வேலை என்று இந்த ஊர்ச் சுவரில் அவர் பசை தடவாத இடமில்லை. ஜெயிலுக்குப் போனபோது கூட வந்தவர்கள் பிறகு முதலாளியின் காரில் போனார்கள். அவர் நடந்தே போனார், அதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. அந்தச் சக்கைக் கழற்ற வேண்டியது எப்படி என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துபோயிற்று. மண்ணெண்ணெயில் ஊற வேண்டும், பித்தளைத் தகட்டால் கீறல் கீறலாகச் சுரண்ட வேண்டும், பின்பக்கமிருந்து மரக்கட்டை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். பொறுமையிருந்தால் வந்துவிடும்.

ஆனால் வீதியின் கோடியில், கடைசி வீட்டில், அவர் மனைவி மருதாத்தாள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். பஞ்சாலையில் பஞ்சு தின்ற நுரையீரல். விஜயதசமியன்று மத்தியானம் வந்து பார்த்த டாக்டர் மாசிலாமணியை வாசலுக்கு அழைத்துப்போய், பொழுது சாயற வரைக்கும்தாங்க, சொல்லவேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க, என்றிருந்தார். பொழுது சாயவில்லை. அவளும் போகவில்லை. மூச்சு மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் தொண்டையில் நின்றுகொண்டே இருந்தது. அந்த மூச்சோடு அவள் பேசினாள், வைதாள், ஒரு வாய்க் கஞ்சி கேட்டாள்.

இதை மாசிலாமணி யாரிடமும் சொல்லவில்லை. சக்கை லேத்திலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தார். கைப்பிடியைக் கழற்றினார், தள்ளுவளையத்தைக் கழற்றினார், சுருள்வில்லை எடுத்தார், எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணிவிரித்து வரிசையாக வைத்தார். சந்தனம் வெந்து கிடந்த கூம்பை மட்டும் தொடவில்லை. "ஊறோணும்" என்றார். ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக் கைப்பிடியைத் தள்ளிக் காட்டினார். அசையவில்லை. "பாத்தீங்களா, இன்னம் புடிக்குது" என்றார். மறுபடி கழற்றினார், மறுபடி கழுவினார், கழுவியதையே கழுவினார், மறுபடி மாட்டினார். வேலையை மெதுவாகச் செய்து முதலாளியை மடக்குவது எப்படி என்று எத்தனையோ பட்டறைகளில் சொல்லிக்கொடுத்தவர், இப்போது அந்த ஆயுதத்தைத் தன் ஆட்களின்மேலேயே பிரயோகித்தார். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை, ஆகவே நம்பினார்கள்.

சடையப்பன் மட்டும் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே குந்தினான். மண்ணெண்ணெய்த் தட்டைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"மண்ணெண்ணெயில ஊறுறது காலெட்டுங்களா, நீங்களுங்களா?"

மாசிலாமணி சுருள்வில்லை எடுத்து மறுபடி கழுவினார்.

"எம் புள்ள பொறந்து குப்புற விழுந்திருக்கும் இந்நேரம். பையனா பொண்ணான்னுகோட எனக்குத் தெரியாது. கோடி வீட்டு அக்காவ நெனச்சுத்தான் நீங்க கைய நிறுத்தறீங்கன்னு எனக்குத் தெரியுங்ணா. டாக்டரு சொன்னத டீக்கடைல கேட்டன். மத்தவங்கட்டச் சொல்லல."

"சொல்லேன். போய்ச் சொல்லு. யார் உன் வாயக் கட்டுனா?"

"சொன்னா உங்கள அடிச்சுப்போடுவாங்க. இல்லாட்டி, பாவம்னு விட்டுப்போடுவாங்க. ரெண்டாவதுதாங்ணா எனக்கு பயம்" என்று எழுந்துபோனான்.

மாசிலாமணி கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வாசலில் பக்கத்து வீட்டுக் கமருன்னிசா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மருதாத்தாளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவள் அவள்தான்.

"வாங்கண்ணா. பொழுது சாஞ்சு மஹ்ரிப் தொழுகை வருமான்னு அல்லாவக் கேட்டு அலுத்துப்போச்சு. உங்களையாவது கேக்கலாமா?"

"அல்லாவையே கேளும்மா. நான் கட்சிக்காரன், வாக்குறுதிதான் கொடுப்பேன்."

உள்ளே மேற்கு ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின்மேல் கம்பி கம்பியாக விழுந்திருந்தது. மருதாத்தாள் கண்ணுக்குமேல் கையை வைத்திருந்தாள்.

"வந்துட்டீங்களா. இந்த வெயில... கொஞ்சம் அக்கட்டால தள்ளுங்க."

"பழைய சேலையக் கட்டி மறைக்கட்டுமா?"

"மறைச்சா இருட்டாயிருமா? கைய இங்க நீட்டுங்க."

நீட்டினார். அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மில்லில் இழை பார்த்துப் பழகிய கண்.

"நகத்துல அழுக்கையே காணமே."

"மண்ணெண்ணெயில கழுவுன கை."

"வார்ப்புத் தூசு மண்ணெண்ணெய்க்குப் போகுமாக்கும். நாப்பது வருஷமா உங்க துணியத் தொவச்சவ நானு." மூச்சை இழுத்துத் தேக்கிக்கொண்டாள். "எனக்காக ஏமாத்தறீங்களா அவங்கள?"

"நீ பேசாம படு."

"படுத்துத்தான கெடக்கறன். எந்திரிச்சு ஆடறனா? எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்டீங்களா? கஞ்சி வேணுமான்னு கேட்டீங்க. தலையணை வேணுமான்னு கேட்டீங்க."

"எப்படி இருக்கு?"

"ராத்திரி ஷிப்டு முடியாமயே நடக்கற மாதிரி இருக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள், அது இருமலாகிப் போயிற்று. இருமி முடித்துச் சொன்னாள்: "எட்டு மணி நேரம், எட்டு மணி நேரம்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. நான் எத்தன மணி நேரமுங்க இப்பிடிச் சாகறது?"

எத்தனையோ மேடைகளில் எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிற மாசிலாமணி குனிந்து அவள் நெற்றியைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து, ஜன்னலை மறைத்துப் பழைய சேலையைக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பட்டறைக்கு நடந்தார்.

இந்தத் தடவை கூம்பைத் தொட்டார். பித்தளைத் தகட்டைக் கீறலுக்குள் விட்டுச் சுரண்டினார். கறுப்பும் மஞ்சளுமாகச் சந்தனக் கல் பொடிந்து உதிர்ந்தது, எரிந்த சிதைபோல் ஒரு வாசம் வந்தது. ஒரு கீறல் முடிந்ததும் அடுத்த கீறல், அது முடிந்ததும் அடுத்தது. நகத்துக்குள் கறுப்பு ஏறியது. லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். பின்பக்கம் வேப்பங்கட்டையை வைத்து, சுத்தியலை ஓங்காமல் அதன் கனத்தாலேயே தட்டினார். டக்கென்று காலெட் விட்டது. அதன் வாயிலிருந்து கம்பி நழுவித் தட்டில் விழுந்தது. வெளியே மின்கம்பத்தின் நிழல் ஒரு முழம் நகர்ந்து டீக்கடைப் பலகைமேல் ஏறியது. ஏறி, மறுபடி நின்றது.

"நின்னுபோச்சே!" என்று யாரோ அழுகிற குரலில் கத்தினார்கள்.

"சக்க மாட்டித் தொறந்து மூடோணுமில்ல. அதுக்கப்பறம்தான் அது சக்கு. இப்ப வெறும் இரும்பு" என்றார் மாசிலாமணி.

சடையப்பன் அவர் காதோரம் குனிந்தான். "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணா. நான் மாட்டறேன். எனக்குத் தெரியும்."

தெரியும்தான். அவனால் முடியும் என்று மாசிலாமணிக்கும் தெரியும். போயிருக்கலாம். கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க எதையும் அடுத்தவன் கையில் கொடுத்துப் பழகாத மனிதர். கொடுத்தவற்றையெல்லாம் அவர்கள் விற்றுத் தின்றதாகவே நம்பிக்கொண்டிருந்தவர். அதுவும்போக, அந்த அறையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதைவிட இங்கே நின்று அதைச் செய்வது சுலபம். "தள்ளு, வெளிச்சத்த மறைக்காத" என்றார்.

கூம்பின் உட்புறத்தை விரலால் தடவினார். மேஸ்திரியின் சுத்தியல் எழுப்பிய பிசிறை எண்ணெய்க்கல்லால் தேய்த்து மழித்தார். நசுங்கிய நட்டின் விளிம்பை அரத்தால் நேராக்கினார். காலெட்டைக் கழுவி, ஊதி, மெல்லிய எண்ணெய் தடவித் துணியால் அதையும் பாதி துடைத்தெடுத்தார். அதிக எண்ணெய் மறுபடி தூசியைச் சேர்க்கும். காலெட்டிலும் கூம்பிலும் அடையாளத்துக்கு எப்போதோ அடித்திருந்த பஞ்ச் புள்ளிகளை நேருக்கு நேர் பார்த்து உள்ளே விட்டார். வெயில் மஞ்சளிலிருந்து சிவப்பானது. சுருள்வில்லை வைத்தார், சுவர்களில் பாதிக்குமேல் நிழல் ஏறியது. தள்ளுவளையத்தைப் போட்டார், கோழிகள் கூடையைத் தேடிப் போயின. அவர் கை ஒருபோதும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை, அவர் மனம் ஒருபோதும் அந்தக் கையை இவ்வளவு வெறுத்ததில்லை. அவசரப்பட்டால் மறுபடி பிடிக்கும். அவசரப்படவில்லை. நட்டைக் கையாலேயே திருகி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று.

லேத்தில் ஏற்றிக் கைப்பிடியைத் தள்ளினார். கவ்வியது. இழுத்தார். விட்டது.

சங்கு ஊதியது.

அடுத்த கணம் அந்தச் சந்தின் எல்லாப் பட்டறைகளும் தங்கள் ஆட்களை வெளியே கொட்டின. எத்தனையோ நாள் மெயின் ரோட்டில் மட்டும் வந்து போன இருட்டு, சந்தின் வாய் வழியாக உள்ளே வர, ஆட்கள் அதே வாய் வழியாக வெளியே ஓடினார்கள். தூக்குப்போசிகள் உருண்டன, செருப்புகள் அறுந்தன, ஒருவன் தன் மகள் பேரைக் கத்திக்கொண்டே ஓடினான். சடையப்பன் நொண்டியபடி பஸ் நிறுத்தத்தைப் பார்த்துப் போனான். எல்லோரும் கிழக்கே, வாயைப் பார்த்து. மாசிலாமணி மட்டும் மேற்கே, கோடி வீட்டைப் பார்த்து. ஊர்வலமென்றால் என்றைக்கும் முன்வரிசையில் நடந்தவருக்கு எதிரே வரும் ஊர்வலத்தில் எப்படி நடப்பது என்று தெரியவில்லை. தோள் தோளாக இடித்தார்கள். மார்பில் முட்டினார்கள். "வழிய உடுங்கப்பா, நாந்தான், மாசிலாமணி" என்றார்; இருட்டில் யாருக்கு முகம் தெரிகிறது. "யோவ் பெருசு, கண்ணு அவிஞ்சுபோச்சா, ஓரமாப் போ" என்றான் அவர் ஜாமீன் எடுத்து விடுவித்த ஒருவன். சுவரோரம் ஒட்டி, சாக்கடைக்குள் ஒரு கால் வைத்து, ஓரடி முன்னே வைத்தால் இரண்டடி பின்னே தள்ளப்பட்டு, அந்தச் சந்தின் முழு நீளத்தையும் அவர் நீந்தித்தான் கடந்தார். கூட்டம் தீர்ந்தபோது அவர் முழங்கையில் தோல் உரிந்திருந்தது, சட்டைப் பித்தான்கள் எங்கேயோ போயிருந்தன.

வாசலில் முறம் கவிழ்ந்து கிடந்தது. கமருன்னிசா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே கட்டிலருகே நின்றிருந்தாள்.

"இப்பத்தாங்கண்ணா" என்றாள். "இருட்டறதப் பாத்துச்சு. ஜன்னல் சேலைய எடுக்கச் சொல்லுச்சு, எடுத்தேன். அப்பறம் ஒண்ணும் பேசல."

அவர் தடவித் தடவிக் கட்டிலின் சட்டத்தைக் கண்டுபிடித்து, அதன் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். கை அழுக்காக இருந்ததால் அவளைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் எங்கோ ஒரு வீட்டில் சிரித்தார்கள், வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரா என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

கமருன்னிசா சுவரில் கையால் துழாவினாள். இத்தனை காலம் வேண்டியிராத சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் அகப்பட்டது.

"லைட்டப் போடட்டுங்களாண்ணா?"

"வேண்டாம்மா" என்றார் மாசிலாமணி. "இந்த இருட்டு ஒண்ணும் சும்மா வரல."